ஏற்றம் ஓய்ந்த கிணற்றங்கரை: ஜி.டி. நாயுடுவின் வாழ்வும் கருத்தும் வழிவழிப் பயனும்

கங்கைகொண்ட சோழபுரத்தின் அருகே பரந்து கிடக்கும் பொன்னேரி, முதலாம் இராசேந்திரன் தன் கங்கை வெற்றியின் நினைவாக அமைத்த சோழகங்கம் ஆகும். திருவாலங்காட்டுச் செப்பேடு அதனை நீரால் ஆகிய வெற்றித்தூண் என்று போற்றுகிறது. ஏரியை அமைத்த மன்னனின் பெயர் செப்பேட்டில் நிலைத்தது. மண் சுமந்தவர், கரை கட்டியவர், மதகு பொருத்தியவர் ஆகியோரின் பெயர்கள் அப்புகழ்மொழியில் இடம் பெறவில்லை. புறநானூற்றில் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு அறிவுரை கூறும் குடபுலவியனார், நீரையும் நிலத்தையும் ஒன்று சேர்ப்பவரே உயிரைப் படைப்பவர் என்னும் கருத்தை முன்வைக்கிறார். தமிழ் இலக்கியம் நீரைத் தேக்கியவரைப் பாடத் தவறியதில்லை. ஆயினும் அதன் பாட்டு பெரிதும் அரசரோடு நின்றுவிட்டது.

பொன்னேரியின் நீர் எட்டாத ஊர்களே இப்பகுதியில் மிகுதி. திருமானூரை ஒட்டிய கொள்ளிடக் கரையை நீக்கிப் பார்த்தால், அரியலூர், செந்துறை, குன்னம், வேப்பந்தட்டை, ஆலத்தூர் வட்டங்களின் வேளாண்மை வானத்தையும் கிணற்றையும் நம்பியே வாழ்ந்து வந்துள்ளது. கிணற்று நீரை மேலேற்ற முன்னோர்க்கு இருந்த வழிகள் இரண்டு. ஒன்று, மனிதர் துலாவின் மீது ஏறி இறங்கி நடந்து இறைத்த ஏற்றம். மற்றொன்று, மாடுகள் சரிவில் இறங்கிச் சாலை இழுத்த கவலை. இரண்டிலும் உடல் உழைப்போடு பாட்டும் சேர்ந்தே நடந்தது. எத்தனை சால் இறைத்தாயிற்று என்னும் கணக்கையும் பாட்டே வைத்துக்கொண்டது. ஏற்றக்காரர் ஒருவர் பாதியில் நிறுத்திச் சென்ற பாட்டின் அடுத்த அடியை அறியும் ஆவலால், மறுநாள் விடியும்வரை கம்பர் காத்திருந்தார் என்று ஒரு செவிவழிக் கதை உண்டு. கதை உண்மையோ புனைவோ, கவிச்சக்கரவர்த்தியையே கிணற்றங்கரையில் காக்க வைக்கும் ஆற்றல் ஏற்றப்பாட்டிற்கு உண்டு என்று தமிழ் மக்கள் நம்பினர் என்பது உறுதி.

இன்று எந்தக் கிணற்றங்கரையிலும் அப்பாட்டு இல்லை. அதனை ஓயச் செய்தது ஒரு பொறி. இரும்பும் செப்புக் கம்பியும் கொண்டு ஆகிய மின்மோட்டார் அது. அப்பொறியை இந்திய மண்ணில், இந்தியர் கைகளாலேயே செய்ய முடியும் என்று காட்டியவர்களுள் முதன்மையானவர் கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு. அவருடைய வாழ்வையும் கருத்துகளையும் அவர் விட்டுச் சென்றவற்றையும், கிணற்றை நம்பி வாழும் இம்மண்ணிலிருந்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலங்கல் தந்த மனிதர்

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23ஆம் நாள், கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பு அவருக்குத் தொடக்க நிலையைத் தாண்டவில்லை. வகுப்பறையில் அமர்ந்து ஒப்பிப்பதில் அவருக்கு நாட்டம் இல்லை. தாமே தேடிப் படிப்பதில் இருந்தது. இவ்வேறுபாடு அவர் வாழ்நாள் முழுவதற்கும் திறவுகோலாக அமைந்தது.

இளமையில் ஒருநாள், ஆங்கிலேய வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த 'ரட்ஜ்' மோட்டார் சைக்கிளை அவர் கண்டார். மாடும் குதிரையும் இழுக்காமல் தானே ஓடும் வண்டி அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அத்தகைய வண்டியொன்றை வாங்கியே தீர்வது என்று முடிவு செய்து, கோயம்புத்தூருக்குச் சென்று உணவு விடுதியில் பரிமாறுபவராக வேலை பார்த்தார். சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து அந்த வண்டியை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் அதில் ஏறி ஊர் சுற்றியிருந்தால் இவ்வரலாறு அங்கேயே முடிந்திருக்கும். அவர் செய்தது வேறு. வண்டியின் ஒவ்வோர் உறுப்பையும் கழற்றிப் பிரித்தார். ஒவ்வொன்றும் எதற்காக இருக்கிறது என்று நோக்கினார். பின்னர் மீண்டும் பூட்டி ஓடச் செய்தார்.

தமிழ் கற்றோர்க்கு இம்முறை புதியதன்று. ஒரு செய்யுளின் பொருளை அறிய முற்படுவோர் முதலில் சீர்களைப் பதம் பிரிக்கின்றனர். ஒவ்வொரு சொல்லும் எங்கு நின்று எதனைத் தழுவுகிறது என்று காண்கின்றனர். பின்னர்க் கொண்டு கூட்டிப் பொருள் கொள்கின்றனர். பிரித்தறியாமல் பாராயணம் செய்வோர் செய்யுளை வைத்திருக்கலாம், பொருளை வைத்திருப்பதில்லை. உரையாசிரியர்கள் நூலுக்குச் செய்ததை அந்த இளைஞர் வண்டிக்குச் செய்தார். பொறிக்கு உரை காணும் இவ்வாற்றலே அவரைப் பின்னாளில் பொறி படைப்பவராக ஆக்கியது எனலாம்.

ஓட்டுநரிலிருந்து தொழில் முனைவோர்

1920ஆம் ஆண்டில், கோயம்புத்தூரில் தொழில் நடத்திவந்த இராபர்ட் ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலேயரின் உதவியோடு நாயுடு ஒரு பேருந்தை வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதனைத் தாமே ஓட்டினார். அந்த ஒற்றை வண்டியிலிருந்து வளர்ந்ததே யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் நிறுவனம். அடுத்த பத்தாண்டுகளில் அது தென்னகத்தின் குறிப்பிடத்தக்க போக்குவரத்து நிறுவனமாக உயர்ந்தது.

பேருந்துத் தொழில் அவருக்குப் பொருளை மட்டும் தரவில்லை. ஒரு பட்டறையையும் தந்தது. பழுதுற்ற வண்டிக்கு மாற்று உறுப்பு கடல் கடந்து வரவேண்டியிருந்த காலம் அது. கப்பலை எதிர்பார்த்து வண்டியை நிறுத்தி வைப்பதா, உறுப்பை இங்கேயே செய்து கொள்வதா என்னும் வினா அன்றாடம் எழுந்திருக்கும். தேவை கற்பித்த இப்பாடமே அவரைப் புதுப்புனைவின் பக்கம் திருப்பியது. 1930களில் அவர் ஐரோப்பிய நாடுகளுக்குச் சென்று, அங்குள்ள தொழிற்கூடங்களைத் தம் வழக்கப்படி உற்று நோக்கித் திரும்பினார். உலர் மின்கலத்தால் இயங்கும் சிறிய மோட்டார் பொருத்திய 'ராசண்ட்' என்னும் சவரக் கருவி அவருடைய புகழ் பெற்ற ஆக்கங்களுள் ஒன்றாகும். மிக மெல்லிய சவர அலகு, ஒளிப்படக் கருவிக்கான தொலைவு சரிசெய்யும் அமைப்பு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் இயங்கும் விசிறி, முறைகேடு செய்ய இயலாத வாக்குப்பதிவுக் கருவி என அவர் புனைந்தவை பலவாகும்.

இப்பட்டியலைக் கண்டு வியந்து 'இந்தியாவின் எடிசன்' என்று அவரை அழைப்பது வழக்கமாகிவிட்டது. அன்பினால் சூட்டிய பெயர் அது. ஆயினும் வேற்று நாட்டார் ஒருவரின் பெயரால் அறியப்படும்போது, ஒருவர் தம் மண்ணோடு கொண்ட உறவு மறைந்து போவதும் உண்டு. நாயுடுவின் புனைவுகளுள் இந்நாட்டின் பெரும்பான்மை மக்களாகிய உழவரின் வாழ்வைத் தொட்டது சவரக் கருவியன்று, மின்மோட்டாரே ஆகும்.

1937: சுழலத் தொடங்கிய பொறி

மின்னாற்றலைச் சுழற்சியாக மாற்றும் முயற்சி மைக்கேல் பாரடேயிடம் தொடங்குகிறது. மின்னோட்டம் பாயும் கம்பி ஒரு காந்தத்தைச் சுற்றிச் சுழலும் என்பதை அவர் 1821இல் செய்து காட்டினார். பாரடேயும் பல்கலைக்கழகம் கண்டவர் அல்லர். புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகும்போது, கட்டுவதற்கு வந்த நூல்களைப் படித்தே அறிவியலறிஞர் ஆனவர். மாறுதிசை மின்னோட்டத்தால் சுழலும் காந்தப்புலத்தை உண்டாக்கி இயங்கும் தூண்டல் மோட்டாருக்கு நிக்கோலா டெஸ்லா 1888இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். இன்று வயற்காட்டில் 'மும்முனை மின்சாரம்' என்று வழங்கப்படுவது இவ்வகை மோட்டாரை இயக்குவதேயாகும்.

அதன் இயக்கத்தை எளிதாகக் கூறலாம். அசையாத வெளிச்சட்டத்தின் காடிகளில் செப்புக் கம்பிச் சுருள்கள் மூன்று தொகுதிகளாக அமைந்துள்ளன. மூன்று முனைகளிலும் மின்னோட்டம் ஒரே நேரத்தில் உச்சத்தை அடையாமல் ஒன்றன்பின் ஒன்றாக அடைகிறது. அதனால் எழும் காந்தப்புலம் ஓரிடத்தில் நில்லாமல் சுற்றி வருகிறது. சட்டத்தின் நடுவிலுள்ள சுழலியில் அப்புலம் மின்னோட்டத்தைத் தூண்ட, சுழலி அதனைத் துரத்திக்கொண்டு சுழல்கிறது. வெளியிலிருந்து எதுவும் அதனைத் தொட்டுத் தள்ளுவதில்லை. தேய்வதற்கு உரிய உறுப்புகள் குறைவு. ஆகவே ஆண்டுக்கணக்கில் உழைக்கும். கோட்பாடு எளிதாகத் தோன்றினாலும், சட்டத்தை வார்ப்பதும் மென்தகடுகளை அடுக்குவதும் சுருளைப் பிசகின்றிச் சுற்றுவதும் கைத்திறனை வேண்டி நிற்கும் செயல்களாகும்.

நாயுடு டி. பாலசுந்தரம் என்பவரோடு இணைந்து, கோயம்புத்தூர்ப் பீளமேட்டில் நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ் என்னும் தொழிற்கூடத்தை நிறுவினார். அங்கிருந்து 1937இல் வெளிவந்த மின்மோட்டாரே இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் என்று போற்றப்படுகிறது. பாலசுந்தரம் பின்னர் டெக்ஸ்டூல் என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, நூற்பாலைப் பொறிகளின் ஆக்கத்தில் புகழ் பெற்றார்.

இச்செயலைத் தனி ஒருவரின் அருஞ்செயலாக மட்டும் கருதுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. நீலமலையில் பைக்காரா நீர்மின் திட்டம் 1930களின் தொடக்கத்தில் மின்னாற்றலைத் தரத் தொடங்கியிராவிடில், கோவையில் மோட்டாருக்கு வேலையே இருந்திருக்காது. 1888 முதல் அங்கு வளர்ந்த நூற்பாலைகள் பொறி அறிந்த தொழிலாளர்களை உருவாக்கியிருந்தன. 1926இல் தொடங்கப்பெற்ற பி.எஸ்.ஜி. தொழிற்பயிற்சி நிலையம் போன்றவை கைத்திறனைக் கல்வியாக்கின. மின்சாரம், வார்ப்படச் சாலை, தொழிலாளர் கைத்திறன், கிணற்றில் நீர் இறைக்கும் உழவரின் தேவை ஆகியவை ஒரே ஊரில் ஒரே காலத்தில் கூடின. அக்கூட்டத்தின் நடுவே நின்று துணிந்து செயலாற்றியவர் நாயுடு. அவருடைய பெருமை இதனால் குறைவதில்லை; சரியான இடத்தில் நிறுத்தப்படுகிறது.

நிறைவேறாத கனவுகள்

நாயுடுவின் வாழ்வில் வெற்றிகளைப் போலவே தடைகளும் பாடம் தருவன. ஐந்து வால்வு கொண்ட வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்கு இந்தியாவிலேயே செய்து தர இயலும் என்று 1941இல் அவர் அறிவித்தார். இருவர் அமரும் பெட்ரோல் காரை 2,000 ரூபாய் விலையில் தருவதற்கு 1952இல் முயன்றார். அரசின் உரிமம் கிடைக்காமையால் கார் உற்பத்தி தொடரவில்லை.

இவ்விரு முயற்சிகளிலும் ஒரே கருத்து இழையோடுவதைக் காணலாம். அயல்நாட்டுப் பொருளைப் போல் ஒன்றைச் செய்து காட்டுவதோடு அவர் மனம் நிறைவடையவில்லை. அதனை எவ்வளவு மலிவாகச் செய்ய முடியும் என்பதே அவர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட தேர்வு. செல்வர் வீட்டில் மட்டும் ஒலிக்கும் வானொலியை அவர் முழுமையான புனைவாகக் கருதவில்லை. அக்கால அரசின் உரிமக் கொள்கைக்கும் தனக்கேயுரிய காரணங்கள் இருந்தன. புதிதாக விடுதலை பெற்ற நாடு, அரிய மூலப்பொருளையும் அயற்செலாவணியையும் எதற்குச் செலவிடுவது என்று வரையறுக்க வேண்டியிருந்தது. ஆயினும் அவ்வரையறை, தன் கையால் பொறி செய்யத் தெரிந்த ஒருவரையும் தடுத்து நிறுத்தியது என்பது வரலாற்றின் வருத்தத்திற்குரிய பக்கமாகும்.

பயிர்களிலும் அவருடைய ஆய்வு மனம் சென்றது. பருத்தி, பப்பாளி முதலியவற்றில் சோதனைகள் நிகழ்த்தி, வழக்கத்தினும் மிக உயர்ந்து வளரும் பருத்திச் செடிகளை உருவாக்கினார். பொறியையும் பயிரையும் இருவேறு உலகங்களாக அவர் காணவில்லை. உழவர் வீட்டில் பிறந்தவர்க்கு அது இயல்பே.

கை அறிவும் ஏட்டறிவும்

நாயுடுவின் கருத்துகளுள் இன்றும் விவாதத்திற்கு உரியது கல்வி பற்றியதாகும். 1944இல் தம் போக்குவரத்து நிறுவனப் பொறுப்புகளிலிருந்து விலகி, ஆராய்ச்சி உதவித்தொகை, தொழிலாளர் நலம் ஆகியவற்றிற்குப் பொருள் ஒதுக்கினார். 1945இல் அவருடைய கொடையாலும் முயற்சியாலும், அன்றைய சென்னை மாநில ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயரால் தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. நாயுடுவே அதன் முதல்வராகப் பொறுப்பேற்றார். தொடக்கப் பள்ளியைத் தாண்டாத ஒருவர் பொறியியல் கல்லூரிக்கு முதல்வரானது தமிழகக் கல்வி வரலாற்றில் அரிய நிகழ்ச்சியாகும். அக்கல்லூரியின் வழிவந்ததே இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. கல்லூரி இடம் மாறிப் பல்லாண்டுகள் ஆகியும், பீளமேட்டில் 'ஹோப் காலேஜ்' என்னும் பேருந்து நிறுத்தப் பெயர் நிலைத்துவிட்டது.

பொறியியல் படிப்புக்கு நான்கு ஆண்டுகள் என்பது மாணவர் காலத்தை வீணாக்குவது என்று நாயுடு கருதினார். இரண்டு ஆண்டுகளே போதும், எஞ்சிய காலம் பட்டறையில் கழியட்டும் என்பது அவர் நிலை. அரசு இதனை ஏற்கவில்லை. அவர் பதவியை விட்டு விலகினார். இதில் யார் பக்கம் நியாயம் என்று ஒரு சொல்லில் தீர்ப்பளித்தல் அரிது. அணையும் பாலமும் கட்டுவோர்க்கு ஆழ்ந்த கணிதமும் கோட்பாடும் வேண்டும். அவற்றைச் சுருக்கினால் கேடு விளையும். நாயுடுவின் தனித்திறன் எல்லா மாணவர்க்கும் வாய்க்கும் என்று கொள்ளவும் இயலாது. ஆனால் அவர் எழுப்பிய அடிப்படை வினா விடையின்றியே நிற்கிறது. நான்கு ஆண்டு முடித்து வெளிவரும் ஒருவர், பழுதான ஒரு மோட்டாரைத் தம் கையால் பிரித்துப் பூட்ட இயலாதவராக இருப்பின், அவர் கற்றது யாது?

தமிழ்க் கல்விக்கும் இவ்வினா பொருந்தும். யாப்பிலக்கணம் முழுவதையும் மனப்பாடம் செய்து, ஒரு வெண்பாவும் எழுதத் தெரியாமல் பட்டம் பெறுவோரைத் தமிழுலகம் அறியும். வள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாமல், ஆள்வினையுடைமைக்கும் தனி அதிகாரம் வகுத்தார். அறிவு செயலில் முடிய வேண்டும் என்பது அந்த வைப்பினால் பெறப்படும் கருத்து. அக்கருத்திற்கு இருபதாம் நூற்றாண்டு தந்த எடுத்துக்காட்டாக நாயுடு விளங்கினார்.

1974ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள் அவர் மறைந்தார். கோவை அவிநாசி சாலையில் அவர் பெயரால் அமைந்த அருங்காட்சியகம், அவர் சேர்த்தவற்றையும் புனைந்தவற்றையும் காத்து வருகிறது. அதே சாலையில் 10 கிலோமீட்டருக்கும் மேலாக நீளும் மேம்பாலம் 2025 அக்டோபரில் அவர் பெயரோடு திறக்கப்பட்டது.

கரிசல் நிலத்துக் கிணறுகள்

கோவையில் சுழன்ற பொறி இப்பகுதிக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம் மின்கம்பி. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையில் 1937இல் மின்னுற்பத்தி தொடங்கியது. விடுதலைக்குப் பின், குறிப்பாக 1950களிலும் 1960களிலும், சிற்றூர்களுக்கு மின்சாரம் கொண்டு செல்வதில் தமிழகம் பிற மாநிலங்களுக்கு முன்னே நின்றது. அன்று ஒன்றாயிருந்த திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் வறண்ட வட்டங்களிலும், கவலைக் கிணறுகள் ஒவ்வொன்றாகப் 'பம்பு செட்' கிணறுகளாக மாறின. அம்மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் 1995இல் தனி மாவட்டமாகப் பிரிந்தது. அரியலூர் 2007இல் நிலையான தனி மாவட்டமாயிற்று. இவ்விரு மாவட்டங்களின் வேளாண் வரலாற்றில் மின்மோட்டாரின் வருகை ஒரு திருப்புமுனையாகும்.

விடியற்காலையில் எழுந்து மாடு பூட்டி, வெயில் ஏறும்வரை இறைத்தாலும் நனையாத நிலத்தை மோட்டார் சில மணி நேரத்தில் நனைத்தது. மாடுகளின் கழுத்துப் புண்ணும் மனிதரின் கால்வலியும் ஓய்ந்தன. மழையை மட்டும் நம்பிச் சோளமும் கம்பும் விதைத்த கரிசல் நிலங்கள் பலவற்றில் சின்ன வெங்காயமும் பருத்தியும் கிணற்று நீரில் வளர்ந்தன. இன்று சின்ன வெங்காயம், மக்காச்சோளம், பருத்தி ஆகியவற்றின் விளைச்சலில் பெரம்பலூர் மாவட்டம் தமிழகத்தில் முன்னிற்கிறது. மக்காச்சோளம் பெரிதும் மழையின் கொடை. வெங்காயமோ கிணற்றின் கொடை. வெங்காயம் பயிரிடும் உழவருக்கு மோட்டார் ஓடுவதும் ஓடாததும் அவ்வாண்டின் வாழ்வையே முடிவு செய்வனவாகும். அரியலூரில் சுண்ணாம்புக்கல்லை அரைக்கும் சிமெண்டு ஆலைகளும் மின்மோட்டாரின் வலிமையால் இயங்குவனவே. பழந்தமிழர் கடலடியாய்க் கண்டிராத காலத்தில் படிந்த பாறையை, இந்நூற்றாண்டின் பொறி தூளாக்கித் தருகிறது.

மோட்டார் வயலோடு நிற்கவில்லை, அடுக்களைக்கும் வந்தது. கோவையைச் சேர்ந்த பி. சபாபதி 1955இல் மாவு அரைக்கும் கிரைண்டரை உருவாக்கினார். ஆட்டுக்கல்லின் முன் நாள்தோறும் அமர்ந்த பெண்களின் தோள்களுக்கு அது ஓய்வளித்தது. மின்மோட்டாரின் வரலாற்றைச் சொல்லும்போது ஆடவரின் கிணற்றை நினைப்பவர்கள், பெண்களின் ஆட்டுக்கல்லையும் நினைத்தல் வேண்டும்.

பயனைக் கூறிய அளவில் இழப்பையும் கூறுவதே வரலாற்று நேர்மை. கவலை ஒரு நாளில் இறைக்கும் நீருக்கு மாட்டின் வலிமை எல்லை வகுத்தது. கிணறும் இரவில் ஊறித் தன்னை நிரப்பிக்கொண்டது. மோட்டாருக்கு அத்தகைய எல்லை இல்லை. 1984இல் சிறு உழவர்க்கும், பின்னர் 1990ஐ ஒட்டி அனைத்து உழவர்க்கும் கட்டணமின்றி மின்சாரம் வழங்கப்பட்டது. அது ஏழை உழவரைக் காத்தது; அதேவேளை நீர் இறைத்தலுக்கு இருந்த கடைசித் தயக்கத்தையும் நீக்கியது. தமிழகத்தில் இன்று 20 இலட்சத்திற்கும் மேற்பட்ட வேளாண் மின் இணைப்புகள் உள்ளன. நீர்மட்டம் இறங்க இறங்கக் கிணற்றினுள் கிணறாக ஆழ்துளைக் குழாய்கள் இறங்கின; நீரினுள் மூழ்கி இயங்கும் மோட்டார்கள் வந்தன. ஆழம் மிகுந்த இடங்களில் அண்டை வயலாரின் கிணறு வற்றியது. நீரை மேலேற்றும் கருவியைத் தந்தவரை இதற்குக் குறை கூறுதல் தகாது. நீர் எவ்வளவு என்று அளந்து கொள்ளும் அறிவை அக்கருவியோடு சேர்த்து வளர்க்காத குமுகாயமே இதற்குப் பொறுப்பு. ஏற்றப்பாட்டு சாலை எண்ணியது என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும். பாட்டு நின்றபோது எண்ணுவதும் நின்றுவிட்டது.

நிறைவாக

நாயுடுவின் உண்மையான நினைவுச் சின்னம் எது? அருங்காட்சியகமும் மேம்பாலமும் மதிப்பிற்குரியவையே. ஆனால் பெரம்பலூரிலும் அரியலூரிலும் செயங்கொண்டத்திலும் கடைத்தெருவில் காணப்படும் சிறிய மோட்டார் வைண்டிங் கடைகளும் அவருடைய மரபையே தொடர்கின்றன. எரிந்துபோன மோட்டார் ஒன்றை உழவர் சைக்கிளிலோ மொபெட்டிலோ கட்டிக்கொண்டு வருகிறார். கடைக்காரர் அதனைப் பிரிக்கிறார். கருகிய சுருளை அகற்றி, எத்தனை சுற்று என்று எண்ணிக்கொள்கிறார். புதிய செப்புக் கம்பியை அதே கணக்கில் சுற்றிப் பூட்டுகிறார். அவருக்குப் பட்டம் இல்லாதிருக்கலாம். டெஸ்லாவின் பெயரையோ நாயுடுவின் பெயரையோ கேள்விப்படாதவராகவும் இருக்கலாம். ஆயினும் கலங்கல் இளைஞர் ரட்ஜ் வண்டியிடம் கற்ற பாடத்தையே அவரும் கற்றிருக்கிறார். அவர் பிழைபடச் சுற்றினால் ஒரு வயல் காயும்; சரியாகச் சுற்றினால் ஒரு குடும்பம் பிழைக்கும்.

பொன்னேரியின் மண் சுமந்தவரைச் செப்பேடு மறந்தது போல, இத்தகையோரைத் தற்காலத் தமிழ்ப்பாட்டும் பெரிதும் மறந்துவிட்டது. ஏற்றம் ஓய்ந்ததை எண்ணி வருந்திய பாக்கள் பல எழுந்துள்ளன. இழந்த பாட்டுக்காக வருந்துவது இயல்பே. ஆனால் துலாவின் மேல் நடந்தவரின் கால்வலியை மறந்துவிட்டு அவர் பாட்டை மட்டும் நினைந்து உருகுவது முழுமையான அன்பாகாது. அந்த வலியை நீக்கிய பொறிக்கும், அதைச் செய்த கைகளுக்கும், இன்று அதைப் பழுது பார்க்கும் கைகளுக்கும் உரிய பாட்டு இன்னும் வரவேண்டியிருக்கிறது. குறைந்துவரும் நீரை எண்ணிப் பார்க்கச் சொல்லும் பாட்டாகவும் அது அமைதல் வேண்டும். ஏனெனில் எண்ணுதலும் பாடுதலும் இக்கிணற்றங்கரைகளில் ஒருகாலத்தில் ஒரே செயலாக இருந்தன.

பத்தாண்டுகளாகக் கவிஞர்களை ஒரு கூரையின்கீழ்க் கூட்டி வரும் இவ்விலக்கிய வட்டத்திற்கு அப்பணி அயலானதன்று. பாதியில் நின்ற பாட்டின் அடுத்த அடியைக் கேட்கக் கம்பர் ஓர் இரவு காத்திருந்தார் என்பது கதை. கிணற்றங்கரைகளில் அப்பாட்டு நின்று பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. அடுத்த அடியை எழுத வேண்டியவர்கள் இம்மண்ணின் கவிஞர்களே.